மனம் விட்டு: போதைச் சிகிச்சையில் இருக்கும் பெண்களின் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, மறுவாழ்வு மையத்தில் சேர்ந்திருக்கும் மகளைப் போய்ப் பார்க்கலாமா, பார்த்தால் என்ன பேசுவது என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு தந்தை கேட்டிருந்தார். அதற்கு இந்தப் பகுதியில் பதில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, பெற்றோரிடமிருந்து வரவில்லை. சிகிச்சையில் இருக்கும் பெண்களே எழுதியிருந்தார்கள். சில ஆங்கிலத்தில் வந்தவை. ஆசிரியர் குழு அவற்றைத் தமிழாக்கித் தந்தது. எல்லாக் கடிதங்களுக்குள்ளும் ஏதோ ஒரு வடிவில் மன அழுத்தமே பேசுபொருளாக இருந்ததால், இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர்களும் அடையாளங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு வயது 34. ஐந்து ஆண்டுகள் ‘சுகர்ஸ்’ புகைத்தேன். இப்போது மையத்தில் நான்காவது வாரம். உடம்பு வலியும் வயிற்று முறுக்கலும் முதல் பத்து நாளில் அடங்கிவிட்டன. ஆனால் மனம் முன்னைவிட மோசமாக இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது கரண்டியைக் கீழே போட்டால் நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகிறேன். போதையில் இருந்தபோது இவ்வளவு பதற்றம் இருந்ததில்லை. சிகிச்சை என்னைக் கெடுக்கிறதா?
— பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த்

பதில்: கெடுக்கவில்லை. ஆனால் உங்கள் கவனிப்பு சரியானது, அதை யாரும் ‘உங்கள் கற்பனை’ என்று தள்ளிவிட விடாதீர்கள். அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சுமார் இருபது ஆண்டுகளாக ‘சுகர்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படுவது, வேறு பொருள்கள் கலந்த மட்டமான ஹெராயின்தான். கடைசியாக எடுத்த எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அதன் விலகல் வேதனை, அதாவது நிறுத்தியதால் உடம்பு படும் பாடு, தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும். பெரும்பாலும் பத்து நாளுக்குள் தணிந்துவிடும். இது உடம்பின் கணக்கு. மனத்தின் கணக்கு இன்னும் நீளமானது.

ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்தால், அது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகளுக்குச் செய்தி அனுப்பி, கார்ட்டிசால் என்ற சுரப்பை இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. நெஞ்சு படபடப்பது, கை வியர்ப்பது, தூக்கம் கெடுவது எல்லாம் அந்த எச்சரிக்கை மணியோடு சேர்ந்து வருபவை. ஹெராயின் அந்த மணியை அமுக்கிவைக்கிறது. நாள்தோறும் ஐந்து ஆண்டுகள் அமுக்கிவைத்தால் மூளை சும்மா இருக்காது. மறுபக்கத்திலிருந்து அதைவிட அழுத்தமாகத் தள்ளத் தொடங்கும். ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டிருக்க, உள்ளிருந்து இன்னொருவர் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, வெளியிலிருப்பவர் சட்டென்று கையை எடுத்துவிட்டால் உள்ளிருப்பவர் குப்புற விழுவார் அல்லவா? நீங்கள் இப்போது விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் இருக்கிறீர்கள். இது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாக அடங்கும். தூக்கம் முதலில் சீராகும், அழுகை பிறகு. பெரும்பாலும் அப்படித்தான் கண்டிருக்கிறேன்.

இனி அந்தக் கரண்டி. ‘காரணமில்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் அப்படியே ஏற்கமாட்டேன். சிகிச்சைக்கு வரும் பெண்களில் பலர் குழந்தைப் பருவத்திலோ திருமணத்திலோ அடி உதையை, பாலியல் வன்முறையைக் கண்டவர்கள். ஒரு பாத்திரம் விழும் சத்தத்துக்குப் பின் அந்த வீட்டில் வழக்கமாக என்ன நடந்தது என்பது உடம்புக்கு நினைவிருக்கும். ஹெராயின் அந்த நினைவின்மேலும் போர்வை போட்டிருந்தது; போர்வை இப்போது இல்லை. ஆனால் அதற்காகப் பழைய புண்ணை இன்றே கிளற வேண்டாம். முதலில் நிலைகொள்ளக் கற்க வேண்டும், பிறகு நிதானமாகப் பழையதைத் திறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பாதியில் மையத்தை விட்டு ஓடத் தோன்றும். கரண்டிச் சத்தத்தைப் பற்றி எனக்கு எழுதிய அதே வரியை உங்கள் ஆலோசகரிடமும் சொல்லுங்கள்.

நிலைகொள்வதற்கு ஒரு சிறு பயிற்சி. இரு பாதங்களையும் தரையில் பதித்து, மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, ஏழோ எட்டோ எண்ணும்வரை மெல்ல விடுங்கள். விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். பிறகு கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள்: சன்னல், உப்புச் சாடி, நீலச் செருப்பு, இப்படி. பதற்றம் இல்லாத வேளையில் நாளைக்கு இரண்டு முறை இதைப் பழகிவைக்க வேண்டும். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவதால் பயனில்லை.

கடைசியாக ஒன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. நான்கு வாரம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. மனம் தாளாமல் வெளியே போய் முன்பு எடுத்த அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். சிகிச்சை முடித்து வெளியே வந்த முதல் சில வாரங்களில் மரணங்கள் மிகுதியாக நிகழ்வது இதனால்தான்.

கேள்வி: குடிப்பழக்கத்துக்காக வாரம் இரண்டு முறை வெளிநோயாளியாகச் சிகிச்சைக்குப் போகிறேன். ‘மன அழுத்தத்தைச் சமாளிக்கும் திறன்களைக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஆலோசகர் ஓயாமல் சொல்கிறார். கணவரின் கோபம், மாமியாரின் மறதி நோய், தையல் ஆலை வேலை, இரண்டு பிள்ளைகள் என்று இருபது ஆண்டுகளாக எல்லாவற்றையும் சமாளித்தவள் நான். இனி எதைக் கற்பது?
— ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தை ஆசிரியர் சுருக்கியிருக்கிறார். முழுக் கடிதத்தில் ‘சமாளித்தேன்’ என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் அதை அடித்துவிட்டுச் ‘சகித்தேன்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆறு இடங்களில் பொருள் சிறிதும் மாறவில்லை. ஏழாவது, மகனின் பள்ளிக் கட்டணத்துக்காகத் தலைமையாசிரியரிடம் நேரில் போய்த் தவணை கேட்டு வாங்கியது. அது ஒன்றுதான் உண்மையில் சமாளித்தது. நம் பெண்களைப் ‘பொறுமைசாலி’ என்று புகழ்ந்து புகழ்ந்தே இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக்கிவிட்டோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1984இல் சமாளிப்பை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். தொல்லை தரும் நிலைமையையே மாற்ற முயல்வது ஒன்று. நிலைமை அப்படியே இருக்க, அது நம்முள் எழுப்பும் கொந்தளிப்பைத் தணித்துக்கொள்வது மற்றொன்று. இரண்டும் தேவை, எதற்கு எது என்று பார்ப்பதில்தான் திறமை இருக்கிறது. மது இரண்டாவது வகையைச் சேர்ந்தது, அதுவும் அசுர வேகத்தில் வேலை செய்யும். ஆகவே நீங்கள் குடித்ததை ஒழுக்கக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். அது உங்களுக்குக் கைகொடுத்த ஒரு வழி; ஆனால் கந்துவட்டிக் கடனைப்போல, அன்றைக்குக் கைகொடுத்துவிட்டு மறுநாளிலிருந்து கழுத்தை நெரித்தது. அந்த வழியை அடைத்துவிட்டு வேறொன்றைத் திறக்காமல் விட்டால் எந்தப் பெண்ணும் பழைய வழிக்கே திரும்புவாள்.

நான் சிகிச்சை மையத்தில் பணியில் இருந்தபோது நடந்த குழுச் சந்திப்பு ஒன்றைச் சொல்கிறேன். தாளை நடுவில் மடித்து, இடப்புறம் ‘மாற்றக்கூடியது’, வலப்புறம் ‘மாற்ற முடியாதது’ என்று எழுதச் சொல்வது வழக்கம். உங்களைப்போலவே தையல் ஆலையில் வேலை பார்த்த ஒருவர், வெள்ளிக்கிழமைதோறும் கணவர் ஆலை வாசலில் நின்று கூலி உறையை வாங்கிக்கொண்டு போவதை வலப்புறத்தில் எழுதியிருந்தார். வெள்ளி இரவுகளில்தான் அவர் குடித்தார். அவருக்கு நாங்கள் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்திருந்தோம், தியானம் கற்றுக்கொடுத்திருந்தோம். எதுவும் பலிக்கவில்லை, எப்படிப் பலிக்கும்? போன கூலியை மூச்சுப் பயிற்சி திருப்பித் தருமா? அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் தாளை எட்டிப் பார்த்து, ‘இதை ஏன் அந்தப் பக்கம் எழுதினாய்?’ என்று கேட்டார். அதற்குப் பிறகுதான், கூலியை அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்தும்படி ஆலையில் கேட்கலாம் என்ற பேச்சே எழுந்தது. சமூகப்பணியாளர் உடனிருக்கக் கணவரிடம் அதைச் சொன்னார்கள். எளிதாக நடக்கவில்லை, ஆனால் நடந்தது. மாற்றக்கூடிய தொல்லைகளுக்கும் மூச்சை இழுத்து விடச் சொல்லி அனுப்புவது சிகிச்சை மையங்களின் குறை. அதில் என் பங்கும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் அடி உதை இருக்குமானால் இப்படிப்பட்ட மாற்றத்தைத் தனியாகத் தொடங்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆலோசகரிடம் முதலில் பேசி, எங்கே போவது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையெல்லாம் வகுத்துக்கொண்டு பிறகு அடியெடுத்து வையுங்கள்.

மாமியாரின் மறதி நோய் வேறு வகை. அதை உங்களால் மாற்ற முடியாது. அங்கே மூச்சுப் பயிற்சிக்கும், மாலை நடைக்கும், மனம் விட்டு அழுவதற்கும் இடமுண்டு. ஆனால் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை முழுவதும் உங்கள் தலையில் இருப்பது மாற்றக்கூடியதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து இருக்கும்படி நாத்தனாரைக் கேட்டதுண்டா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. கேட்பது கூச்சமாக இருக்கும். குழுவில் நாங்கள் இதை வாய்விட்டுச் சொல்லியே பழகுவோம்: ‘அண்ணி, ஞாயிற்றுக்கிழமை என்னால் முடியாது, நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.’ முதல் இரண்டு முறை எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாவது முறை யாராவது ஒருவருக்கு வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். அந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

கேள்வி: குடிக்க வேண்டும் என்ற வேட்கை வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும்? அது போகும்வரை என்ன செய்வது?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பெரும்பாலும் பதினைந்து முதல் முப்பது நிமிடம். அலை எழுந்து, உச்சிக்குப் போய், தானே விழும். நாம் உணவு கொடுக்காவிட்டால் நிலைக்காது. அந்த நேரத்தில் கைக்கு வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, பாத்திரம் துலக்குவது எதுவானாலும் சரி. தொலைக்காட்சி வேண்டாம், கை சும்மா இருக்கும். வேட்கை வந்தவுடன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பசிக்கிறதா, கோபமா, தனிமையா, களைப்பா? எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிவரை வெறும் தேநீரோடு இருக்கும் பெண்களுக்கு, பசியே வேட்கையாக வேடமிட்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் சாப்பிடுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. தெருவில் விற்கும் எதையும் தொட்டதில்லை, மதுவும் கிடையாது. தலைவலிக்காகக் கொடீன் கலந்த வலி மாத்திரையை நான்கு ஆண்டுகளாக எடுக்கிறேன்; இப்போது நாளைக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டது. இரவில் தூக்க மாத்திரை ஒன்று. வேலை அழுத்தம்தான் காரணம். என் தங்கை என்னையும் ‘சிகிச்சைக்குப் போ’ என்கிறாள். நான் போதை அடிமையா?
— டோங்காட்

பதில்: ‘அடிமை’ என்ற சொல்லை விட்டுவிடுவோம், அது யாருக்கும் உதவியதில்லை. உடம்பு பழகிவிட்டதா என்று கேட்டால், பழகிவிட்டது. கொடீன் கல்லீரலில் மார்ஃபீனாக மாறி வேலை செய்கிறது. ஹெராயினும் உடம்பில் அதே மார்ஃபீனாகத்தான் முடிகிறது. சாட்ஸ்வொர்த் சகோதரியும் நீங்களும் வெவ்வேறு வாசல் வழியாக ஒரே கூடத்துக்கு வந்திருக்கிறீர்கள். அவருக்கு வாய்த்த இழிபெயர் உங்களுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பல கொடீன் மாத்திரைகளில் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். ஒன்றில் 500 மில்லிகிராம் என்றால், பன்னிரண்டில் 6,000. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000. கல்லீரல் கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் வலிக்காது. பாராசிட்டமாலுக்குப் பதில் ஐபுப்ரோஃபென் சேர்ந்த வகையானால், இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும். இந்த இதழ் கைக்குக் கிடைத்த வாரத்திலேயே மருத்துவரிடம் போய், உண்மையான எண்ணிக்கையைச் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால் பரிசோதனையும் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

இன்னொன்று: கொடீன் கலந்த வலி மாத்திரையை மாதத்தில் பத்து நாளுக்குமேல் தொடர்ந்து எடுப்பவருக்கு அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காலையில் தலை கனப்பதும், மாத்திரை போட்டதும் விடுவதும், மதியம் திரும்புவதும் அதன் சுற்று. நீங்கள் வேலை அழுத்தம் என்று நினைப்பதில் ஒரு பங்கு அடுத்த மாத்திரைக்கான அழைப்பு. வேலை அழுத்தமும் பொய்யில்லை. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நிற்பது எப்படியிருக்கும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கொடீனோடு சேர்த்து எடுப்பதும் மூச்சை மட்டுப்படுத்தும். இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள்.

நீங்கள் ஒரே மருந்துக்கடைக்கு அடிக்கடி போவதில்லை, நான்கு கடைகளுக்கு மாறி மாறிப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொடீன் வாங்குபவரின் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது இந்நாட்டு விதி. அந்தப் பதிவேட்டுக்குப் பயந்து நகரைச் சுற்றும் சனிக்கிழமைகளே உங்கள் அழுத்தத்தின் பெரும்பகுதியாகிவிட்டதைக் கவனித்தீர்களா? வேலை போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு பதில்: 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்கீழ் வரும் நன்னடத்தை விதிகள், மது, போதைப் பழக்கத்தை உடல்நலக் குறைவின் வகையாகக் கருதி, வேலை நீக்கத்துக்கு முன் ஆலோசனையும் மறுவாழ்வும் பொருத்தமா என்று எண்ணிப்பார்க்கும்படி முதலாளிகளுக்குச் சொல்கின்றன. முழுக் காப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பிடிபட்ட பிறகு சொல்வதைவிடத் தானாக முன்வந்து சொல்வது எப்போதும் வலுவான நிலை. விடுப்பு எடுத்து உள்நோயாளியாகச் சேர முடியாவிட்டால் வெளிநோயாளிச் சிகிச்சையும் உண்டு. மது, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தந்து 1956 முதல் இயங்கிவரும் ‘சான்கா’ அமைப்பின் கிளைகளில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மருமகள் மூன்று மாதச் சிகிச்சை முடித்து அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறாள். அவள் குணமானால் தைப்பூசத்தில் காவடி எடுக்கவைப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன். வந்த மறுவாரமே வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூசை. உறவினர் எல்லாரும் வருவார்கள். அவளிடம் பழையதைப் பற்றிப் பேசலாமா, பேசாமல் விடலாமா? நான் என்ன செய்தால் அவளுக்கு நல்லது?
— ஒரு மாமியார், மியர்பேங்க்

பதில்: அம்மா, ‘நான் என்ன செய்தால்’ என்று கேட்கும் மாமியாரின் கடிதம் எனக்கு வருவது அரிது. வணக்கம்.

நேர்த்திக்கடனிலிருந்து தொடங்குகிறேன். மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் கேட்டோ மேனரிலும் காவடி எடுத்துவந்த பெண்களின் முகத்தைப் பார்த்தவள் நான். அதன் வலிமையைக் குறைத்துப் பேசமாட்டேன். பத்து நாள் விரதம், குறித்த நேரத்தில் எழுவது, நாலு பேரோடு சேர்ந்து நடப்பது ஆகியவை மீள்பவருக்கு நல்லது செய்யக்கூடியவை. ஆனால் நேர்ந்தது நீங்கள், சுமக்கப்போவது அவள். அவளிடம் கேளுங்கள். ‘எனக்கு வேண்டாம், அத்தை’ என்று சொன்னால், அந்தக் காவடியை நீங்களே எடுக்கலாம்; முருகன் கணக்குப் பார்க்கமாட்டான். அவள் எடுப்பதானால், விரதத்தின் பெயரால் மருத்துவர் தந்த மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர் தரும் மெதடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தில் இருப்பவரிடம் ‘சாமிக்கு முன் அதுவும் போதைதானே’ என்று சொல்லி நிறுத்தவைத்த வீடுகள் உண்டு. அதன் விளைவை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. சர்க்கரை நோய்க்காரரின் ஊசியை விரதத்துக்காக நிறுத்துவோமா?

கூழ் ஊற்றும் பூசை எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. ஐம்பது, அறுபது பேர், ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு கேள்வி. ‘எங்கேம்மா இத்தனை நாளாகக் காணோம்?’ என்று எந்தப் பெரியம்மாவாவது கேட்கத்தான் போகிறார். அதற்கு என்ன பதில் என்பதை நீங்களும் மருமகளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவள் சொல்ல விரும்பும் அளவுக்கு, அவள் விரும்பும் சொற்களில். பிறகு யார் கேட்டாலும் அதே பதிலை நீங்களும் சொல்லுங்கள். அன்றைக்கு அவளுக்கு ஒரு வேலை இருக்கட்டும், ஆனால் எல்லா வேலையும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், திரும்பி வந்த பெண்ணை அடுப்படியிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள், ‘பாவம், களைத்துப்போவாள்’ என்று. அவளுக்கோ, தன் கை தீண்டிய கூழ் சாமிக்கு ஆகாதோ என்று தோன்றிவிட்டது. இன்னொரு வீட்டில் மாமியார் அகப்பையை அவள் கையில் கொடுத்து, அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். இரண்டு பேரும் அரைமணி நேரம் எதுவும் பேசவில்லையாம். அந்த அரைமணியைப் பற்றி அந்தப் பெண் குழுவில் மூன்று வாரம் பேசினாள். கூட்டம் தாளவில்லை என்றால் எழுந்துபோய் இருக்க ஓர் அறையும், கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் அவளுக்கு இருக்க வேண்டும்.

பழையதைப் பற்றி: நீங்களாகக் கிளற வேண்டாம், அவள் பேசினால் வாயை அடைக்கவும் வேண்டாம். அவள் இல்லாத நேரத்தில் கைப்பையைத் துழாவுவது, குளியலறையில் எவ்வளவு நேரம் இருந்தாள் என்று கணக்கிடுவது, இரண்டையும் விட்டுவிடுங்கள். பணம், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, இரவு வீடு திரும்பும் நேரம் ஆகியவற்றில் உங்களுக்குக் கவலை இருந்தால், அவளையும் மகனையும் உட்காரவைத்து வெளிப்படையாகப் பேசி ஒரு முறை வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் பேரப்பிள்ளைகளை நீங்கள் வளர்த்திருக்கிறீர்கள். அவர்கள் இப்போது ‘பாட்டி, பாட்டி’ என்று உங்களிடமே ஓடுவார்கள், அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். முதல் வாரத்தில் தலைவாரிவிடுவதை மட்டும் அவளிடம் கொடுங்கள், பிறகு ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் ஏற்றுவதும் தவறு, எதையும் தராமல் இருப்பதும் தவறு. உங்களுக்கும் யாரிடமாவது பேச வேண்டியிருக்கும்; குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன, மற்றப் போதைப்பொருள்களுக்கும் அதேபோன்ற குடும்பக் குழுக்கள் உண்டு.

கேள்வி: எனக்கு 23 வயது. நான்கு மாதக் கர்ப்பம். ஹெராயின் பழக்கம் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போனால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் இதுவரை போகவில்லை. வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன்.
— லெனேசியா

பதில்: மகளே, வேண்டாம். கர்ப்பத்தின்போது ஹெராயினைத் திடீரென நிறுத்தினால் விலகல் வேதனை கருவையும் தாக்கக்கூடும். அதைவிட, பெரும்பாலோர் தாங்க முடியாமல் திரும்ப எடுத்துவிடுகிறார்கள், அப்போது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து இரட்டிப்பாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இந்த நிலையில் மெதடோன் அல்லது புப்ரெனார்ஃபின் மருந்தைக் கொடுத்து நிலைப்படுத்துவதையே சிறந்த வழியாகச் சொல்கின்றன. பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கமும் அழுகையும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மது குடிப்பதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல். கருவுக்கு மது செய்யும் தீங்கு ஹெராயினைவிடக் குறைந்ததல்ல.

உன் பயத்தை நான் சிறிதாக்க மாட்டேன். சமூகப்பணியாளர் வருவார், கேள்விகள் கேட்பார். ஆனால் பிரசவ நாளில் முதன்முதலாகத் தெரியவரும் தாயையும், ஐந்து மாதமாகப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் தவறாமல் வந்த தாயையும் அவர் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வருகையும் மருத்துவமனை அட்டையில் பதிவாகும். அந்த அட்டை உன் பக்கம் பேசும். இந்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் 1994 முதல் கட்டணம் கிடையாது. தனியாகப் போகாதே. கடிதத்தில் நீ குறிப்பிட்ட அந்தச் சித்தியை அழைத்துக்கொண்டு போ.

கேள்வி: எட்டு மாதம் குடிக்காமல் இருந்தேன். அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு குடித்துவிட்டேன். எட்டு மாதமும் வீண். இனி முயல என்ன இருக்கிறது?
— டர்பன்

பதில்: அம்மாவை இழந்ததற்கு என் ஆழ்ந்த வருத்தம். பதினாறு நாளும் பந்தலில் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியது நீங்கள்தான், அழ நேரமே கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேள்விக்குள் சேர்க்காமல் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

ஒரு முறை வழுக்குவதும் பழைய நிலைக்குத் திரும்புவதும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்த முதல் குவளை அல்ல, மறுநாள் காலையில் எழும் ‘எல்லாம் வீண், இனி என்ன’ என்ற எண்ணம்தான். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த எண்ணத்தையே தனியாக எடுத்து ஆராய்ந்து, மீண்டும் வழுக்காமல் காக்கும் சிகிச்சையின் மையத்தில் வைத்தார். எட்டு மாதத்தில் உங்கள் கல்லீரல் தேறியது, தூக்கம் சீரானது, மகளின் பரிசளிப்பு விழாவுக்குப் போனீர்கள். அந்த ஓர் இரவு இவற்றை அழித்துவிடாது. அந்த இரவுக்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது கடைசியாகச் சாப்பிட்டீர்கள், யார் கிளம்பிப் போனபின் வீடு வெறிச்சோடியது, போத்தல் எங்கிருந்து வந்தது. வழுக்கிய இடம் எதுவென்று அதில் தெரியும். அடுத்த சந்திப்புக்கு அந்தத் தாளைக் கொண்டுபோங்கள்.

அன்றைய இரவோடு நிற்காமல் நாள்தோறும் தொடர்ந்து குடித்துக்கொண்டிருந்தால், வீட்டில் தனியாக நிறுத்த முயல வேண்டாம். தொடர்ந்து குடித்த உடம்புக்கு நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மருத்துவரிடம் போங்கள். அந்த ஓர் இரவு மட்டும்தான் என்றால், அம்மாவின் மருந்து டப்பாவின் பின்பக்கத்தில் உங்கள் குழுத் தோழியின் எண் இருக்கிறது, கூப்பிட வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த எண்ணை இன்று மாலை இருட்டுவதற்குள் கூப்பிடுங்கள். குடித்ததைப் பற்றிப் பேச வாய் வராவிட்டால், அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.